ஏழு கூடைச் சுக்கு

போன வாரம் கிடங்குகளில் வேலை பார்க்கும் நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து, அந்த மழைக் கணக்கை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. நான் ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் கொச்சி மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் யாரோ அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அல்ஜீப்ரா போட்டு மழையைத் தோற்கடித்த மனிதர் என்று உங்களில் ஒருவர் என்னை மற்ற இருவருக்கும் அறிமுகப்படுத்தினார். நானும் சிரித்துக்கொண்டு சாயா கொடுத்து அனுப்பிவிட்டேன். மீதிக் கதையைச் சொல்ல அன்று வாய் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

கேட்டதை முதலில் தந்துவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் நான் முற்றத்து சூப்பர்வைசர். இன்று உங்களுக்கு உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது, மேகம் எங்கே நிற்கிறது என்று கைப்போன் படம் காட்டுகிறது. அன்று எங்களுக்கு வெயில் ஒன்றுதான் இயந்திரம். சிமெண்ட் முற்றத்தில் காலையில் சுக்கைப் பரப்புவோம், மாலையில் வாரி உள்ளே எடுப்போம். நடுவில் மழை விழுந்தால் போச்சு. நனைந்த சுக்கு இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு உள்ளூர்க் கடைக்குக்கூடப் போகாது.

சுக்குக் காலம் முடிகிற சித்திரை மாதத்தில்தான் வேனல் மழை என்கிற கோடை மழையும் தொடங்கும். அது கடலிலிருந்து வராது. மத்தியானத்துக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுத்து, ஆலுவாவில் இறங்கி, இடப்பள்ளி, எர்ணாகுளம் என்று நடந்து, நடுவில் கிடக்கும் உப்பங்கழியை, காயலைத் தாண்டி எங்களிடம் வரும். சில நாள் வழியிலேயே மனம் மாறித் திரும்பியும் போய்விடும். எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் கிழக்கே பார்த்து மூக்கை உயர்த்தி மோந்து பார்ப்பாராம். அவர் மூக்கை நம்பி வெயிலில் வாரிய நாளும் உண்டு, மழையில் வாரிய நாளும் உண்டு.

நான் பிரீ டிகிரியில் கெமிஸ்ட்ரியில் தோற்றவன். கணக்கில் மட்டும் கெட்டிக்காரன். தெரியாத ஒன்றுக்கு x என்று பெயர் வைத்துவிட்டால் அது பாதி நம் வசம் வந்துவிட்டது போல ஒரு நிம்மதி எனக்கு எப்போதும் உண்டு. முதலாளிக்கு ஆலுவாவில் ஒரு லாரி ஷெட், இடப்பள்ளியில் ஒரு மர டிப்போ. இரண்டு இடத்திலும் போன் இருந்தது. ஒரு பழைய வரைபடத்தில் நூலை வைத்து அளந்தேன். ஆலுவாவிலிருந்து இடப்பள்ளி நேர்கோட்டில் சுமார் பத்து கிலோமீட்டர். இடப்பள்ளியிலிருந்து எங்கள் முற்றம் சுமார் ஒன்பது. ஆலுவாவில் மழை விழுந்ததும் ஒரு போன், இடப்பள்ளியில் விழுந்ததும் ஒரு போன். நடுவில் x நிமிடம் என்றால் மழையின் வேகம் நிமிடத்துக்கு 10/x கிலோமீட்டர். மிச்சம் ஒன்பது கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 0.9x நிமிடம் ஆகும்.

அது மழைக்கான நேரம். இனி எங்களுக்கான நேரம். ஒரு மூட்டைச் சுக்கை வாரி, நாலு கூடையாகச் சுமந்து, மூன்று படி ஏறிக் கிடங்குக்குள் கொட்ட ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிடம். முற்றத்தில் m மூட்டை, கையில் n பெண்கள் என்றால் 5m/n நிமிடம். இது 0.9x-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் நீங்கள் கேட்ட மழைக் கணக்கு. மழை எல்லா நாளும் ஒரே வேகத்தில் நடக்காது என்பதால் சில நாள் பொய்த்தது. ஆனால் மூக்கைவிட எவ்வளவோ தேவலை. முதலாளி அதை இரண்டு அட்டையில் எழுதி, ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, மற்றதைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். முற்றத்துப் பெண்களுக்கு x-உம் n-உம் ஒன்றும் புரியாது. ஆனால் போன் மணி அடித்தால் என் முகத்தைப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

அந்தப் பெண்கள் பதினைந்து பேர். பாதிப் பேர் உள்ளூர், பாதிப் பேர் பள்ளுருத்தியில் வாடகைக்கு இருந்த நம் தமிழ்நாட்டு ஆட்கள். எல்லோருக்கும் மூத்தவள் தங்கம்மா சேச்சி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள், இரண்டிலும் என்னைத் திட்டுவாள். தமிழ்ப் பெண்களில் மரகதம் என்று ஒருத்தி, சங்கரன்கோவில் பக்கம். புருஷன் கட்டட வேலை. அதிகம் பேச மாட்டாள். வேலையில் மட்டும் அவள் கை எப்போதும் முந்தி நிற்கும்.

ஒருநாள் காலை தங்கம்மா சேச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஸாரே, மரகதத்துக்கு இனி சுமடு கொடுக்கண்டா. அஞ்சு மாசமாக்கும். போன வருஷம் ஒண்ணு கலைஞ்சு போயதா. அவ வாய் தொறந்து சொல்ல மாட்டா, அதான் நான் சொல்லுறேன்."

"சரி சேச்சி. நிழல்ல உக்காந்து தரம் பிரிக்கட்டும்" என்றேன்.

அப்படியே செய்தேன். மரகதம் வராந்தாவில் முறத்தோடு உட்கார்ந்துகொண்டாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் லேசாக எழுந்திருக்கப் பார்ப்பாள். உக்காரு, உக்காரு என்பேன். எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருடம், வீட்டில் எட்டு மாதப் பெண் குழந்தை. மரகதத்தைப் பார்க்கும்போது ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தி வரும். அந்தத் திருப்தி எனக்குப் பத்து நாள் கிடைத்தது.

பதினோராவது நாள் முற்றத்தில் தொண்ணூறு மூட்டை. அந்த வருடத்தின் கடைசிச் சரக்கு. மறுநாள் காலை சாக்கில் கட்டிக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். காலையில் பரப்பும்போதே எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. எண்பது போதும், பத்து மூட்டை உள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். முதலாளி முன்னால் நின்றுகொண்டிருந்ததால் சொல்லவில்லை. வெயில் பளபளவென்று இருந்தது.

ஒன்று நாற்பதுக்கு ஆலுவாவிலிருந்து போன். மழை விழுந்துவிட்டது. அப்போதே வாரியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆலுவாவில் விழுகிற மழையெல்லாம் எங்களிடம் வருவதில்லை. ஒவ்வொரு போனுக்கும் வாரினால் சரக்கு காயாது. இரண்டாவது போனுக்குக் காத்திருப்பதுதான் எங்கள் முறை, அதை ஏற்படுத்தியவனும் நான்தான். பெண்களைக் கூடையோடு தயாராக நிற்கச் சொல்லிவிட்டுப் படியில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

இரண்டேகாலுக்கு இடப்பள்ளி போன் வந்தது. x முப்பத்தைந்து. 0.9x முப்பத்தொன்றரை. பென்சிலை எடுத்து அட்டையின் பின்னால் எழுதினேன். ஐந்து தொண்ணூறு நானூற்றைம்பது. மரகதம் வராந்தாவில் இருக்கிறாள், ஆகவே n பதினான்கு. வகுத்தால் முப்பத்திரண்டு நிமிடம், அதற்கு மேலும் கொஞ்சம். முப்பத்தொன்றரைக்குள் அடங்கவில்லை.

எவ்வளவு அடங்கவில்லை? அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் பதற்றத்தில் நான் எவ்வளவு என்று கேட்கவில்லை. அடங்குகிறதா இல்லையா என்று மட்டும்தான் பார்த்தேன். இல்லை என்று வந்தது. லாரியில் மூட்டை ஏற்றும் சுமட்டுக்காரர்கள் நாலு பேர் வாசலில் லாரிக்காகப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சங்கம் வேறு, முற்றத்து வேலையைத் தொட மாட்டார்கள், கேட்டால் சண்டைதான். என் கை தானாகவே பதினான்கை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதியது. நானூற்றைம்பதைப் பதினைந்தால் வகுத்தால் சரியாக முப்பது. அடங்கிவிட்டது. ஒன்றரை நிமிடம் மிச்சமும் இருந்தது. அந்த முப்பதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"மரகதம், நீயும் வா" என்று கத்தினேன்.

தங்கம்மா சேச்சி கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "ஸாரே, அவ வேண்டா! நான் பறஞ்சதல்லே?"

"ஒராள்தான் சேச்சி குறையுது. அரை மணிக்கூர். கனம் குறைஞ்ச கூடையா எடுக்கட்டும்."

"எந்தா இது, ஸாரே..."

"பரவால்ல சேச்சி, நான் தூக்குதேன்" என்று மரகதம் அதற்குள் எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

கனம் குறைந்த கூடை என்று வாயால் சொன்னேனே தவிர, என் கணக்கில் அப்படி ஒரு கூடை கிடையாது. ஒரு மூட்டைக்கு நாலு கூடை, தலைக்கு ஆறு மூட்டை, ஆளுக்கு இருபத்துநாலு கூடை. மரகதம் மற்றவர்களைப் போலவே நிறைய அள்ளினாள். பத்து நாள் நிழலில் உட்கார்ந்ததற்குப் பதில் செய்வதுபோல இன்னும் வேகமாகவே ஓடினாள் என்று பின்னால் தங்கம்மா சேச்சி சொன்னாள். நான் கவனிக்கவில்லை. கடிகாரத்தையும் காயலுக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளம் கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை மெல்ல மறைந்தது. பிறகு காயலில் நின்ற கப்பல்கள் மறைந்தன. வேகம், வேகம் என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

கடைசிக் கூடை உள்ளே போனபோது இரண்டு நாற்பத்தைந்து. இரண்டு நாற்பத்தேழுக்கு முதல் துளி சிமெண்டில் விழுந்தது. பெரிய பெரிய துளி. பெண்கள் கிடங்கு வாசலில் நின்று கைதட்டினார்கள். கூரை ஓடு தடதடக்கிற சத்தத்துக்கு மேல் முதலாளி கத்தினார்: "எடோ, தன்டெ கணக்கு ஜெயிச்சல்லோ!" சுமட்டுக்காரர்கள்கூட வந்து என் தோளில் தட்டினார்கள். நீங்கள் கேள்விப்பட்ட கதை இந்த இடத்தோடு முடிகிறது. இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கணக்கு நிஜமாகவே ஜெயித்தது.

ஐந்து நிமிடம் போல அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். பிறகு உள்ளேயிருந்து தங்கம்மா சேச்சி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதுவரை அவள் என்னை ஸாரே என்று தவிரக் கூப்பிட்டதில்லை. மரகதம் சுக்குக் குவியலுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. சேச்சி தன் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்து அவள் மடியில் போட்டு மூடியிருந்தாள். நான் கிட்டே போனதும் மரகதம் தோர்த்தை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

அந்த மழையில் ஒரு டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண்கள் வார்டுக்குள் என்னை விடவில்லை. விட்டிருந்தாலும் போகும் தைரியம் இருந்திருக்காது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கட்டட வேலையிலிருந்து அவள் புருஷன் கையில் காய்ந்த சிமெண்டோடு வந்தான். அவன் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் என் எதிரில் நின்று, "ஸாருக்கு எதுக்கு இந்தச் சிரமம், நீங்க வீட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். மாலையில் சேச்சி வெளியே வந்து இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆண் குழந்தை என்றாள்.

வீட்டுக்குப் போனதும் என் பெண் தவழ்ந்து வந்து காலைப் பிடித்துக்கொண்டாள். என்னால் அவளைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் சுக்கு கப்பலுக்குப் போனது. நான் அட்டையை எடுத்துவைத்துக்கொண்டு முன்தினம் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் சூத்திரத்தை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. அதில் மூன்று எழுத்து இருக்கிறது. x மழையின் கையில். மீதி இரண்டும் என் கையில். n-ஐப் பதினான்காகவே வைத்துக்கொண்டு m-ஐக் கண்டுபிடித்தால் என்ன வரும்? முப்பத்தொன்றரையைப் பதினான்கால் பெருக்கி ஐந்தால் வகுத்தேன். எண்பத்தெட்டு மூட்டை, அதற்கு மேல் கொஞ்சம். தொண்ணூறில் மிச்சம் இரண்டு மூட்டைகூட இல்லை. கூடைக் கணக்கில் ஏழு கூடை.

மரகதத்தைக் கூப்பிடாமல் இருந்திருந்தால் ஏழு கூடைச் சுக்கு நனைந்திருக்கும். அதையும் பிரித்துப் போட்டு உலர்த்தினால் பாதி தேறியிருக்கும். எந்த எழுத்தை மாற்றுவது என்று முடிவு செய்யும் இடத்தில் நான் யோசிக்காமல் n-இல் கை வைத்தேன். சுக்கு குறையலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆள் கூடலாம் என்றுதான் தோன்றியது. அன்று முதல் காலையில் பரப்பும் முன் யாரால் இன்று சுமக்க முடியாது என்று சேச்சியைக் கேட்பேன். அவர்களைக் கழித்துவிட்டு மிச்சம் n-க்கு எவ்வளவு m என்று போட்டு அவ்வளவுதான் பரப்புவேன். முதலாளி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்கள் வேலைக்கு உதவுகிற பாடம் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். உங்கள் திரையில் எந்தக் கணக்கு வந்தாலும், அடங்கவில்லை என்று அது சொன்னால், எவ்வளவு அடங்கவில்லை என்று முதலில் கேளுங்கள். யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் கேளுங்கள்.

மரகதம் ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். அதன்பின் எட்டு வருடம் அந்த வராந்தாவிலேயே தரம் பிரித்தாள். பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. தங்கம்மா சேச்சிதான் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள், அது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஏழு கூடை விஷயத்தை மரகதத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வராந்தா வரை போவேன். வெயிலைப் பற்றி ஏதாவது பேசிவிட்டுத் திரும்பி வருவேன்.

எண்பதுகளின் நடுவில் அவள் புருஷனுக்குச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. ஊருக்கே போய்விடுகிறோம் என்று சொல்லிக்கொள்ள ஒருநாள் காலை கிடங்குக்கு வந்தாள். இனி பார்க்கப்போவதில்லை என்ற துணிச்சலில் அன்றுதான் சொன்னேன். போன், நிமிடம், பதினான்கு, பதினைந்து எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற மாதிரி விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். கடைசியில், "உன்னைக் கூப்பிடாம இருந்திருந்தா ஏழு கூடைதாம்மா நனைஞ்சிருக்கும். ஏழே ஏழு கூடை. தப்பு என் பேர்லதான்" என்றேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

மரகதம் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்கிற முகம்தான்.

"ஏழு கூடைதானா ஸாரே?" என்றாள். "அத நீங்களே எடுத்திருக்கலாமே."

எட்டு வருடம் அந்தச் சூத்திரத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தவன் நான். முப்பது வயது, இரும்பு மாதிரி உடம்பு, அரை மணி நேரமும் படியில் வெறுமனே நின்றுகொண்டிருந்தேன். ஒரு சூப்பர்வைசர் கூடை தூக்குவது எங்கள் கிடங்குகளில் வழக்கம் இல்லை. அதனால் n-இல் என்னைச் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதே இல்லை. மரகதம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.